ஒரே பஸ், மூன்று கேட்

அந்த டேக்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. நாவலூரிலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக மாறி மாறிச் செங்கல்பட்டு வந்து, வீட்டில் முகம் கழுவக் குனிந்தபோதுதான் அது வாளித் தண்ணீருக்குள் விழுந்தது. ஆரஞ்சு நாடா, நுனியில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஓர் அட்டை. 'ஹவுஸ்கீப்பிங் நேர்காணல்' என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வண்டலூர் ரயில் நிலையத்தில் நின்றிருக்கிறேன், டீ குடித்திருக்கிறேன், ஒருவர்கூடச் சொல்லவில்லை. நீயாக இருந்தால் நாடாவைப் பிடித்து இழுத்து, ரயில் வரும்வரை சிரித்திருப்பாய்.

துடைத்து ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறேன். அதற்கு எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போன் மடியில் இருக்கிறது. நாளை மாலைக்குள் கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நாளைக்குத்தான் என்று தெரிந்தும், இன்றைக்கே அது அதிரும்போதெல்லாம் பதறி எடுத்துப் பார்க்கிறேன். இதுவரை வந்ததெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்ட அழைப்புகள்தான்.

விஷயம் வேறொன்றுமில்லை. இரண்டாம் ஆண்டில் நாம் இருவரும் பார்த்துவைத்தோமே, அந்த உதவித்தொகைதான். இளங்கலை சமூகவியல் படிப்பவர்களுக்கு மட்டும். சொந்தமாகச் செய்த கள ஆய்வைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் பேச வேண்டும். தேர்வானால் எம்.ஏ. முடியும்வரை படிப்புச் செலவு அவர்களுடையது. கிடைத்தால் எம்.ஏ., கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை மறைமலைநகர் போகும் கம்பெனி பஸ். அம்மா தன் கான்ட்ராக்டரிடம் எனக்கும் சேர்த்துச் சொல்லிவைத்துவிட்டாள். பேக்கிங்கில் அவளுக்குப் பக்கத்திலேயே நிற்கலாமாம்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் பெயிண்டிங் வேலை மழை வந்தால் நின்றுவிடும் என்று உனக்கே தெரியும். "ஒரு டிகிரி முடிச்சிட்டே. இன்னும் எத்தினி நாளு அந்த நோட்டீஸ் போர்டையே பாத்துகினு நிப்பே?" என்று போன வாரம் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

நோட்டீஸ் போர்டைப் பார்க்கும் நோயை எனக்கு ஒட்டவைத்தவளே நீதான். கல்லூரிக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் கேன்டீனுக்குப் போவார்கள், நீ போர்டுக்குப் போவாய். வணிகவியலுக்கு வங்கிக்காரர்கள் கொடுக்கும் பரிசு, இயற்பியலுக்கு யாரோ தன் அப்பா பெயரில் வைத்த பதக்கம் என்று வரிசையாக ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "நமக்கு இன்னா கீது?" என்பாய். நமக்கும் ஏதோ இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தில் முதலிடம் வந்தால் தங்கப் பதக்கம். அதற்கு நம் இருவர் மார்க்கையும் கூட்டினாலும் கொஞ்சம் குறையும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வைத்த சிறந்த மாணவி பரிசு. அது தவறாமல் வகுப்புக்கு வருபவர்களுக்கு. நீயோ திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து திருக்கழுக்குன்றம், அங்கிருந்து செங்கல்பட்டு என்று பஸ் பஸ்ஸாக மாறி, முதல் வகுப்பு முடியும் நேரத்துக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பவள். அப்படியும் போர்டில் எது ஒட்டினாலும் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவாய். ஒருமுறை பொறியியல் மாணவர்களுக்கான போட்டியை அனுப்பினாய். இது எதற்கு என்று கேட்டேன். சமூகவியல்காரர்கள் வரக்கூடாது என்று அதில் எங்கேயும் எழுதவில்லையே என்றாய்.

முதலாம் ஆண்டில் வெளியூர் அறக்கட்டளை ஒன்று வந்தது நினைவிருக்கிறதா? கல்லூரி வளாகத்திலேயே நேர்காணல். உனக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும் என்றுதான் வகுப்பே நினைத்தது. நீ உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தாய். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்களாம். கம்பெனிக்குப் போகிறார் என்று சொன்னாயாம். எந்தக் கம்பெனி என்று கேட்டபோது, கார் செய்யும் அந்தப் பெரிய பெயரைச் சொன்னாயாம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டி எழுதிக்கொண்டார்களாம். பட்டியல் வந்தபோது அதில் உன் பெயர் இல்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு உதவி என்று நினைத்திருப்பார்கள்.

உன் அப்பா அந்தக் கம்பெனியின் பின்பக்கத்து ஷெட்டில் பஸ் கழுவுகிறார். காலையில் திருவிடந்தை நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறுவார். ஷெட்டுக்குப் போய் அதே பஸ்ஸைக் கழுவுவார். ஆனால் நம் பக்கத்தில் அந்த பஸ்ஸில் ஏறுகிற எல்லாருமே கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். இன்ஜின் பூட்டுகிறவரும் கம்பெனி, கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவளும் கம்பெனி. மாப்பிள்ளை கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் பெண் வீட்டுக்காரர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். இந்த வார்த்தையை இப்படிச் சொல்லியே வளர்ந்தவள் நீ. வேறெப்படிச் சொல்லியிருப்பாய்?

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வா, போய்ச் சொல்லலாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். போனோம். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பாருங்கள் என்றார்கள். திரும்பி வந்து கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ அழுவாய் என்று நினைத்து என் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். நீயோ சமோசாவைப் பிட்டுக்கொண்டே யோசனையில் இருந்தாய்.

"எங்கப்பா கம்பெனிக்குத்தான்டி போறாரு. நான் பொய் சொல்லல. அவங்களும் தப்பா எழுதல. அப்ப நடுவுல இன்னா ஆச்சு?"

அந்தக் கேள்வி உன்னை விடவேயில்லை. இரண்டாம் ஆண்டில் கள ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது மற்றவர்கள் முதியோர் இல்லம், கைபேசிப் பழக்கம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நீ 'கம்பெனி என்றால் என்ன?' என்று எழுதிக் கொடுத்தாய். துறைத் தலைவி மேடம் படித்துவிட்டு, இதெல்லாம் ஒரு தலைப்பா என்று சிரித்தார். நீ உன் நேர்காணல் கதையைச் சொன்னாய். சிரிப்பு நின்றது, கையெழுத்துப் போட்டார்.

ஆனாலும் முதலில் நமக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஷிப்ட் முடியும் நேரத்தில் மறைமலைநகர் நிறுத்தங்களில் போய் நிற்போம். எங்கே வேலை என்று கேட்டால் கம்பெனி என்பார்கள். என்ன வேலை என்றால் கம்பெனி வேலை என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் முகம் சுருங்கிவிடும். நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டு முறை நம்மைத் துரத்தியும் விட்டார்கள். இந்த ஆய்வு உருப்படாது, முதியோர் இல்லத்துக்கே போய்விடலாம் என்று நான் புலம்பத் தொடங்கியிருந்தேன்.

அப்படியொரு நாள் ஓர் அக்கா தலையில் பூவும் கையில் டிபன் பையுமாக வந்து நிறுத்தத்தில் நின்றார். நீ வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "எந்த கேட்டுக்கா?" என்றாய். அவர் யோசிக்கவே இல்லை. "மூணாம் கேட்டு. நாங்கெல்லாம் கான்ட்ராக்ட்டு. ஒண்ணாம் கேட்டுல பர்மனென்ட் ஆளுங்க போவாங்க" என்றார். பிறகு நாம் கேட்காமலே எல்லாம் சொன்னார். எந்த கேட்டில் போனால் எந்த கேன்டீன், எந்தக் கழிப்பறை, தீபாவளிக்கு எந்த ஸ்வீட் பெட்டி என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாம் வேறு எதையும் முதலில் கேட்கவில்லை. என்ன வேலை என்றால் கூசுகிறவர்கள், எந்த கேட் என்றால் இறங்கும் நிறுத்தத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். ஒரே பஸ், மூன்று கேட். கட்டுரைக்கு அதையே தலைப்பாக வைத்தாய். ஏறும்போது எல்லாரும் கம்பெனி, இறங்கும்போதுதான் பிரிகிறார்கள் என்று முதல் பத்தியில் எழுதினாய். அந்த வரியை இன்றைக்குவரை நான் தொடவில்லை.

அப்போதுதான் போர்டில் இந்த உதவித்தொகை ஒட்டியிருந்தது. இறுதியாண்டு முடிக்கும்போது விண்ணப்பிக்கலாம், ஒரு கட்டுரைக்கு ஒருவர்தான். நீ போ என்றேன் நான். நீதான் நன்றாகப் பேசுவாய், நீ போ என்றாய். கடைசியில் டாஸ் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. இப்போது என்ன அவசரம், மழை முடியட்டும் என்று தள்ளிவைத்தோம். அந்த டாஸை நாம் போடவே இல்லை.

மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்த சமயம். நாளைக்கு வந்துவிடுவேன், போர்டைப் பார்த்துவை என்று குரல் செய்தி அனுப்பினாய். பிறகு உன் அம்மா கூப்பிட்டார். நான் ஓடிவந்தபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் உன் அப்பா ஷெட்டுக்குப் போட்டுப்போகும் நீலச் சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் இந்த நேர்காணலுக்குப் போக மனம் வரவில்லை. வழக்கம்போல பஸ் முழுக்கத் திருவிடந்தைக் கோயிலுக்குப் போகும் கல்யாண வேண்டுதல்காரர்கள், கையில் மாலை, முகத்தில் கூச்சம். இவர்களில் யாரை உனக்குப் பார்க்கலாம் என்று என் காதில் நீ கிசுகிசுக்காமல் நான் அந்த பஸ்ஸில் போனது அதுதான் முதல் முறை. உன் அம்மா மீன் குழம்பு ஊற்றினார். அப்பாதான் கேட்டார்.

"அந்த பஸ்ஸு கதைதானே? அதுல என் பேரு வருதா?"

இல்லை, ஆய்வில் யாருடைய உண்மைப் பெயரையும் எழுதமாட்டோம், வேறு பெயர் வைத்துத்தான் எழுதுவோம் என்று விளக்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பெயரை மாற்றிவிட்டால் அது நான்தான் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். பிறகு, எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றார். நீ வைத்த பெயரைச் சொன்னேன். ராஜா.

"ராஜாவா?" என்று கேட்டுவிட்டு அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உன் அம்மா எழுந்து உள்ளே போனார். நானும் அழுதேன். கிளம்பும்போது, "நல்லா சொல்லு கண்ணு. ராஜா சொன்னான்னு சொல்லு" என்றார்.

இவ்வளவு பேரைச் சுமந்துகொண்டு இன்று காலை நாவலூரில் போய் இறங்கினேன். இந்த உதவித்தொகை தருகிறவர்களுக்கு நேர்காணல் நடத்த ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அறை கொடுத்திருக்கிறார்கள். முன் கேட்டில் நின்ற செக்யூரிட்டி அண்ணன், இன்னா விஷயம் என்றார். இன்டர்வியூ என்றேன். என் துணிப்பையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "இன்டர்வியூன்னா பின்னாடி கேட்டும்மா. செவுத்த ஒட்டினாப்ல சுத்திப் போ" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரொம்ப நன்றி அண்ணா என்று சொல்லிவிட்டுச் சுற்றிப் போனேன். மூன்று கேட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், எந்த கேட் என்ற கேள்வியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, காட்டிய பக்கம் நடந்தேன். பின் கேட்டில் ஒரு பெண் இந்த டேக்கை மாட்டிவிட்டு நாற்காலியைக் காட்டினார். சுற்றிலும் அக்காக்கள். சமூகவியல் படிக்க இத்தனை வயதானவர்களும் வருகிறார்களா என்று எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். இவர்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் எம்மாத்திரம் என்று உட்கார்ந்திருந்தேன். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. என் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் இருந்தவர், நைட் ஷிப்ட் பார்ப்பாயா, பாத்ரூம் கிளீனிங் பழக்கம் உண்டா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கிருந்து ஓடினேன். முன் கேட்டில் செக்யூரிட்டியிடம் கெஞ்சி, அவர் உள்ளே போன் செய்து, லிப்டைத் தேடி மேலே போவதற்குள் என் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். கடைசியில் பார்க்கலாம், உட்கார் என்றார்கள். அந்த ஏ.சி. குளிரில் உட்கார்ந்திருந்தபோது திங்கட்கிழமை பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்து சீட்தான் கண்ணுக்குள் நின்றது.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த கிராப் மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தையே பார்த்தார். "நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்றார். குனிந்து பார்த்தேன். இந்த அட்டை. கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்ததெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்தேன். வந்தது வேறு.

"நான் பின் கேட்டு வழியா வந்தேன் மேடம். இன்டர்வியூன்னு சொன்னேன், பொய் சொல்லல. செக்யூரிட்டியும் தப்பா அனுப்பல. நடுவுல என்ன ஆச்சுங்கறதுதான் எங்க ஆய்வு."

அதற்குப் பிறகு பேசினது நானா நீயா என்று எனக்கே தெரியவில்லை. கம்பெனி என்ற வார்த்தை, மூணாம் கேட் அக்கா, ராஜா எல்லாம் வந்தது. ஓரத்தில் இருந்தவர் குறுக்கிட்டு, இந்த 'எந்த கேட்' என்ற கேள்வி யாருக்குத் தோன்றியது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அவர் ஏன் வரவில்லை என்றார். இறந்துவிட்டாள் என்றேன். அவர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து, ஒருவருக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா என்று கேட்டார். தெரியும், முதல் பக்கத்திலேயே இரண்டு பெயரும் போட்டிருக்கிறேன் என்றேன். மேடம் ஏதோ எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். அதையே நினைத்துக்கொண்டு, டேக்கைக் கழற்ற மறந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்த எழுத்துதான் இப்போது என்னைத் தின்கிறது. ஒருவருக்கு மட்டும் என்றால் ஒருவருக்கு மட்டும்தானே? நான் அதிகம் பேசிவிட்டேனா? 'எங்கள் கேள்வி' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் உன் பெயர் தொண்டையில் வந்து நிற்கும்போது அதை எப்படி விழுங்குவது? அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த வேலையாவது குடுத்தானுங்களா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு இரண்டு பேருமே சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

நேற்று இதுவரை எழுதி மூடிவைத்திருந்தேன். இன்று சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். காலையிலிருந்து போனைக் கையை விட்டு இறக்கவில்லை. மத்தியானம் அம்மாவின் கான்ட்ராக்டர் கூப்பிட்டு, திங்கட்கிழமை உறுதிதானே என்று கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவளும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதுதான் வந்தது. அந்த மேடமே பேசினார். திங்கட்கிழமை காலை ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரச் சொன்னார். தேர்வாகிவிட்டேனா என்று கேட்டிருக்க வேண்டும், இல்லை நன்றியாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "எந்த கேட்டுக்கு மேடம்?"

மேடம் சிரித்துவிட்டார். "முன் கேட்டும்மா. பேரு எழுதி வெக்கச் சொல்றேன்" என்றார். பிறகு, பின் கேட்டில் ஒரு டேக் குறைகிறதாம், வாங்கின இடத்திலேயே கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம், வரும்போது மறக்காமல் கொடுத்துவிடுங்கள் என்றார்.

போனை வைத்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அதிலேயே தெரிந்திருக்கும். கான்ட்ராக்டருக்கு அவளே போன் போட்டு, "எம்பொண்ணு வரலீங்க. அது மேல படிக்கப் போவுது" என்றாள். பேசிவிட்டு என் பக்கம் திரும்பாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆக, திங்கட்கிழமை எனக்கு இரண்டு கேட். முதலில் பின் கேட்டில் இந்த டேக்கைக் கொடுக்க வேண்டும். பிறகு அங்கிருந்து சுவரை ஒட்டியே நடந்து முன் கேட்டுக்கு வர வேண்டும். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. முன் கேட்டில் ஒரு பெயர்தான் எழுதி வைத்திருப்பார்கள். அந்தச் சுவர் முடிகிற வரைக்குமாவது நீ என் கூட வா.